ஆட்டினால் வருது, விட்டால் போகுது: வயர் ஹார்னஸ் பழுதுகளை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

ஒரு ஹார்னஸ் (முனைகளில் கனெக்டர் மாட்டிய வயர்க் கட்டு) பழுதாகித் திரும்பி வந்தால் பலருக்கும் முதலில் கை போவது வயரின் நடுப்பகுதிக்கு. அங்கே பழுது இருப்பது அபூர்வம். இரு முனையிலும் உள்ள கடைசி ஒரு விரல் நீளத்தைப் பாருங்கள். டெர்மினல் (வயர் முனையில் உள்ள உலோகத் தொடுமுனை), அதன் கிரிம்ப் (டெர்மினலின் இறக்கைகளை வயர் மேல் சுருட்டி அமுக்கிய இடம்), அது உட்காரும் ஹவுசிங் (கனெக்டரின் பிளாஸ்டிக் கூடு) குழி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, பழுதும் பெரும்பாலும் அங்கேதான். முழு ஹார்னஸையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினால் பழுது மறையும், ஆனால் அதன் காரணம் கிரிம்ப் மெஷினிலேயே உட்கார்ந்திருக்கும். அடுத்த டெர்மினல் ரீலில் அதே புகார் மறுபடி வரும்.

திருநெல்வேலியில் பேட்டை, கங்கைகொண்டான் பக்கம் பம்ப் கன்ட்ரோலர், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், எல்.இ.டி. டிரைவர் ஆகியவற்றுக்கு ஹார்னஸ் கட்டுகிறவர்களையும், களத்தில் அதைப் பழுது பார்க்கிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். மல்டிமீட்டர், 10 மடங்கு லென்ஸ், கொக்கியுள்ள டிஜிட்டல் தொங்கு தராசு, கரன்ட் லிமிட் வைக்கக்கூடிய பெஞ்ச் சப்ளை இருந்தால் பாதி தூரம் போய்விடலாம். மீதிக்குக் கிரிம்ப் மைக்ரோமீட்டர் வேண்டும். சாதா வெர்னியர் அதற்கு ஈடாகாது. கிரிம்பின் அடியில் இரு ஓரமும் பிசிர் இருக்கும், வெர்னியரின் தட்டைத் தாடை அந்தப் பிசிரின் மேல் உட்கார்ந்து உயரத்தைக் கூட்டிக் காட்டும். கிரிம்ப் மைக்ரோமீட்டரின் கூர்முனை அடிப்பக்கத்தின் நடுவிலும், தட்டை அலகு இறக்கைகள் சுருண்ட மேல்பக்கத்திலும் உட்காரும். உயரத்தை அப்படித்தான் அளக்க வேண்டும்.

கை வைக்கும் முன் சப்ளையை அணையுங்கள். இன்வெர்ட்டர், டிரைவ் வகைகளில் அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். மீட்டரில் டி.சி. வோல்ட் இறங்கியதைப் பார்த்த பிறகே தொடுங்கள். சோலார் பம்ப் என்றால் லோடு ஓடும்போது சோலார் பேனல் வயரின் எம்.சி.4 கனெக்டரைப் பிரிக்கக் கூடாது. டி.சி. ஆர்க் எளிதில் அணையாது, கையைச் சுட்டுவிடும்.

## டெஸ்ட் பெஞ்சில் ஓப்பன் காட்டுது

எல்லா பீஸிலும் அதே பின்தான் ஓப்பன் (கரன்ட் போகாமல் அறுந்த நிலை) என்றால்

ஹார்னஸைச் சந்தேகிக்காதீர்கள், டெஸ்டரைப் பாருங்கள். ஃபிக்சரின் (ஹார்னஸை மாட்டும் டெஸ்டர் தாங்கி) ஸ்பிரிங் பின் தேய்ந்திருக்கும், அல்லது அமுங்கியது எழும்பாமல் நிற்கும். நல்லது என்று தெரிந்த ஒரு மாதிரி ஹார்னஸை எப்போதும் பெஞ்ச் அருகில் தொங்கவிடுங்கள். அதை மாட்டியும் ஓப்பன் காட்டினால் ஃபிக்சர்தான் காரணம்.

ஒரு பீஸில் மட்டும் என்றால்

முதலில் அந்த வயரைப் பின்பக்கமாக மெல்ல இழுங்கள். அசைந்து வெளியே வந்தால் டெர்மினல் ஹவுசிங்கில் பூட்டிக்கொள்ளவில்லை. தள்ளு, 'டிக்' சத்தம் கேள், மெல்ல இழுத்துப் பார்: சொருகும் ஒவ்வொரு டெர்மினலுக்கும் இந்த மூன்றும் வேண்டும். லாக் நாக்கு மடங்கிப் போயிருந்தால் ஒரு தடவை ஊசியால் நிமிர்த்தலாம். இரண்டாவது தடவையும் மடங்கிய டெர்மினலை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். ஒரு கம்பெனி ஹவுசிங்கில் இன்னொரு கம்பெனி டெர்மினலைப் போட்டாலும் இதுதான் நடக்கும். பார்ப்பதற்கு ஒன்றுபோலத் தெரியும், நாக்கு உட்காரும் இடம் மட்டும் அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கும்.

பூட்டு சரி என்றால் லென்ஸில் கிரிம்பைப் பாருங்கள். செம்பைப் பிடிக்கும் கிரிம்புக்கும் தோலைப் பிடிக்கும் பின்கிரிம்புக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் கொஞ்சம் தோலும் கொஞ்சம் செம்பும் சேர்ந்து தெரிய வேண்டும். தோல் மட்டும் தெரிந்தால் தோல் செம்புக் கிரிம்புக்குள் போய்விட்டது, உரித்த நீளம் போதவில்லை. செம்பு மட்டும் தெரிந்தால் பின்கிரிம்ப் தோலைப் பிடிக்கவே இல்லை. அந்த வயர் இன்று வேலை செய்யும், அசைவு பட்டால் விரைவில் ஒடியும். முன்பக்கம் இழை நுனி கிரிம்பைத் தாண்டி அரை முதல் ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பார்த்தால் சரி. அதற்கு மேல் நீண்டால் எதிர்பின் நுழையும் இடத்தை அடைத்துவிடும்.

## ஆட்டினால் வருது, விட்டால் போகுது

அதிகம் அலைய வைக்கும் பழுது இதுதான். அலைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் மல்டிமீட்டரின் பஸ்ஸர். பல மீட்டர்களில் முப்பது, ஐம்பது ஓம் இருந்தாலும் பஸ்ஸர் பாடும். நல்ல கிரிம்ப் சில மில்லி ஓமுக்குள் இருக்க வேண்டியது. ஆக பஸ்ஸர் கேட்டதும் 'நல்லது' என்று எடுத்து வைத்த ஹார்னஸ்தான் இரண்டு வாரத்தில் திரும்பி வரும். ஓம் ரேஞ்சும் முழுதாக உதவாது. மீட்டரின் சொந்த லீடே 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும்.

இப்படிச் செய்யுங்கள். பெஞ்ச் சப்ளையில் 1 ஆம்பியர் லிமிட் வைத்து, சந்தேகப்பட்ட வயரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கரன்ட் ஓட விடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து இரு முனைக்கும் நடுவே அளங்கள். 1 ஆம்பியரில் மில்லிவோல்ட் எண்தான் மில்லி ஓம் எண். 0.5 சதுர மி.மீ. நெகிழ்வு வயருக்கு ஒரு மீட்டருக்கு அதிகபட்சம் 39 மில்லி ஓம், 0.75-க்கு 26, 1.0-க்கு 19.5, 1.5-க்கு 13.3. இதற்கு மேல் இரண்டு கிரிம்புக்கும் சேர்த்துச் சில மில்லி ஓம் கூடலாம். ஒரு மீட்டர் 0.5 வயர் 70 காட்டினால் எங்கோ ஒரு கிரிம்ப் சரியில்லை. எண் நினைவில்லாவிட்டாலும் அதே ஹார்னஸில் அதே நீளமுள்ள பக்கத்து வயரோடு ஒப்பிட்டால் போதும். கரன்ட் ஓடும்போதே முனையில் வயரை மெல்ல அசையுங்கள். எண் குதிக்கும் இடத்தில் பழுது இருக்கிறது.

இடம் தெரிந்த பின் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

அரைகுறையாகச் சொருகிய டெர்மினல். மேலே சொன்ன இழுத்துப் பார்க்கும் சோதனைதான். செலவு கிடையாது.

வாய் விரிந்த பெண் டெர்மினல். இதை விரிப்பது பெரும்பாலும் சோதிக்கிறவர்தான். மல்டிமீட்டரின் ஊசியை டெர்மினலின் வாய்க்குள் திணித்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், பிறகு அது எதிர்பின்னை இறுக்கிப் பிடிக்காது. ஹவுசிங்கின் பின்பக்கத்திலிருந்து தொடுங்கள், அல்லது அதே வகை ஆண் பின்னை ஒரு வயரில் கட்டி அதை டெஸ்ட் லீடாக வைத்துக்கொள்ளுங்கள். விரிந்ததா என்று அறிய, தனி ஆண் பின் ஒன்றை ஒவ்வொரு குழியிலும் சொருகி உருவிப் பாருங்கள். ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அதுதான். விரிந்த டெர்மினலைப் பிளையரால் நெருக்கிச் சரி செய்ய வேண்டாம், மாற்றுங்கள்.

வெட்டுப்பட்ட இழைகள். 0.5 சதுர மி.மீ. வயரில் 0.2 மி.மீ. தடிமனில் 16 இழைகள் இருக்கும். ஸ்ட்ரிப்பர் பிளேடு ஆழமாக இறங்கினால் தோல் முடியும் இடத்தில் மூன்று நான்கு இழை வெட்டுப்பட்டு, மீதி இழைகள் அதிர்வில் ஒவ்வொன்றாகப் போகும். உரித்த பத்து வயரை வெள்ளைத் தாளின் மேல் உதறுங்கள். தாளில் செம்புத் துணுக்கு விழுந்தால் பிளேடு ஆழம் தவறு, அல்லது வயர் பிளேடுக்கு நடுவில் உட்காரவில்லை.

அதிர்வில் உரசிய பூச்சு. தகரப் பூச்சுள்ள டெர்மினல்கள் அதிர்வில் நுண்ணளவு உரசி உரசி, தொடும் புள்ளியில் கறுப்புத் துகளைச் சேர்க்கும். பிரித்துச் சொருகினால் சரியாகிவிடும், கொஞ்ச நாளில் திரும்பும். பிரித்துச் சொருகியதும் சரியாகிற பழுதைச் 'சரியாகிவிட்டது' என்று எழுதி மூடாதீர்கள். டெர்மினலின் இருபக்கத்தையும் மாற்றி, கனெக்டரிலிருந்து சுமார் 50 மி.மீ. தூரத்துக்குள் வயர்க் கொத்தைப் பெட்டியின் பாடியோடு கேபிள் டை போட்டுப் பிடியுங்கள். டைக்கும் கனெக்டருக்கும் நடுவில் வயர் விறைத்து நிற்காமல் சிறிது தளர்ந்திருக்க வேண்டும். டெர்மினலில் ஒரு பக்கம் தங்கப் பூச்சு, மறுபக்கம் தகரப் பூச்சு என்று கலக்கவும் கூடாது.

கிரிம்ப் உயரம் கூடிப்போனது. கடைசியாக இதை அளக்க வேண்டியிருந்தாலும், ஒரே லாட்டில் பல பீஸ் வந்தால் முதலில் இதையே அளங்கள்.

## வயர் டெர்மினலை விட்டு உருவி வருது

உருவிய முனையை வீசி எறிய வேண்டாம், காரணம் அதிலேயே எழுதியிருக்கிறது.

இழைகள் முழுதாக, வழுக்கிக்கொண்டு வந்திருந்தால் கிரிம்ப் தளர்வு. உயரம் அதிகம், அல்லது டெர்மினலுக்கு வயர் மெலிது.

இழைகள் கிரிம்பின் ஓரத்தில் பட்டென்று அறுந்திருந்தால் கிரிம்ப் அதிக இறுக்கம், அல்லது பின்பக்க வாயில் மணிவாய் போன்ற விரிவு இல்லை. அந்த விரிவு இல்லாத இடத்தில் டெர்மினலின் விளிம்பு கத்தியாகி இழையை அறுக்கும்.

முதலில் டேட்டாஷீட்டில் வயர் அளவைப் பாருங்கள். ஜே.எஸ்.டி. கம்பெனியின் எக்ஸ்.எச். வகைக் கனெக்டரின் வழக்கமான டெர்மினல் ஏ.டபிள்யூ.ஜி. (வயர் கேஜ்; எண் கூடினால் வயர் மெலிது) 28 முதல் 22 வரைதான் ஏற்கும், அதாவது 0.33 சதுர மி.மீ. வரை. அதில் 0.5 வயரைத் திணிப்பது அடிக்கடி பார்க்கும் தவறு. கிரிம்ப் மூடாது, மூடியது போலத் தெரிந்தாலும் இறக்கைகள் சரியாகச் சுருண்டிராது. பெரிய வயர்தான் வேண்டும் என்றால் கனெக்டரையே மாற்ற வேண்டும். சில இழைகளை வெட்டிவிட்டு உள்ளே நுழைப்பது பழுதை விலை கொடுத்து வாங்குவது.

அளவு சரியென்றால் இழுத்துச் சோதியுங்கள். டெர்மினலை வைஸில் பிடித்து, வயர் முனையில் வளையம் போட்டு, தொங்கு தராசின் கொக்கியை மாட்டி நிதானமாக இழுங்கள். நிமிடத்துக்கு 25 மி.மீ. அளவு வேகம் போதும். வெடுக்கென்று இழுத்தால் எண் பொய். தோலைப் பிடிக்கும் பின்கிரிம்பை முதலில் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் தோலின் பிடிப்பும் சேர்ந்து கணக்கில் வரும். யூ.எல். 486ஏ என்ற அமெரிக்கத் தரத்தின் குறைந்தபட்ச அளவுகளைக் கிலோவில் சொன்னால்: 24 கேஜ் வயருக்கு 2.3, 22-க்கு 3.6, 20-க்கு 5.9, 18-க்கு 9.1, 16-க்கு 13.6, 14-க்கு 22.7. டெர்மினல் தயாரிப்பாளர் இதைவிட அதிகம் கேட்டால் அவர் சொல்வதே கணக்கு. இழுத்த மாதிரிகள் குப்பைக்குத்தான், அவற்றை எடுத்து ஹார்னஸில் போடக் கூடாது.

இழுவிசை மட்டும் தேறினால் போதும் என்று நிற்காதீர்கள். அதிக இறுக்கமான கிரிம்பும் சில சமயம் தேறும். உயரத்தை அளந்து டேட்டாஷீட்டோடு ஒப்பிடுங்கள். சிறு டெர்மினல்களுக்கு வழக்கமாக ஏற்கும் ஏற்ற இறக்கம் ±0.05 மி.மீ. இதை எப்போது அளப்பது என்பதில்தான் யூனிட்டுக்கு யூனிட் வித்தியாசம். ஷிஃப்ட் தொடங்கும்போது, ரீல் மாறும்போது, வயர் லாட் மாறும்போது, அப்ளிகேட்டரை (மெஷினில் கிரிம்ப் அடிக்கும் கருவி) கழற்றி மாட்டியபோது என நாலு வேளையும் முதல் பீஸ்களை அளந்து எழுதி வையுங்கள். வயர் கம்பெனி மாறினால் 'அதே 0.5 தானே' என்று விடாதீர்கள். தோல் தடிமன் மாறினாலே பின்கிரிம்ப் அமைப்பு மாறும்.

உயரம் நிலையாக நிற்காமல் ஒரு பீஸ் கூடவும் ஒரு பீஸ் குறையவும் வந்தால் ராமில் (மேலும் கீழும் போகும் மெஷின் தண்டு) ஆட்டம், அல்லது பஞ்சும் (மேல் அச்சு) ஆன்விலும் (கீழ் அச்சு) தேய்ந்துவிட்டன. அப்ளிகேட்டர்காரரைக் கூப்பிடும் நேரம் அதுதான். பஞ்சை அரத்தால் ராவிச் சரி செய்ய முயன்றால் ஜோடியாக மாற்ற வேண்டிய செலவு வரும். வாடிக்கையாளர் ஹார்னஸ் வேலைக்கான ஐ.பி.சி. ஏ-620 தரத்தின்படி சான்று கேட்டாலோ, குறுக்குவெட்டுப் படம் கேட்டாலோ அதற்குரிய லேபுக்கு அனுப்புங்கள். நல்ல குறுக்குவெட்டில் வட்ட இழைகள் தேன்கூட்டு அறைகள் போல நெருங்கி, நடுவில் ஓட்டை இல்லாமல் இருக்கும்.

## கனெக்டர் சூடாகுது, பழுப்பாகுது, உருகுது

ஒரே ஒரு பின் மட்டும் பழுப்பு: அந்தப் பின்னின் கிரிம்போ ஸ்பிரிங்கோ போய்விட்டது. பெண், ஆண் இரண்டையும் மாற்றுங்கள். சூடுபட்ட ஆண் பின்னில் புது டெர்மினலைச் சொருகினால் புதியதும் சீக்கிரம் போகும். போர்டில் உள்ள ஹெட்டர் (சால்டர் செய்த பின் வரிசை) தான் ஆண் பக்கம் என்றால் அதன் சால்டர் வளையமாக விரிசல் விட்டிருக்கிறதா என்றும் லென்ஸில் பாருங்கள்.

எல்லாப் பின்னும் ஒரே மாதிரி பழுப்பு: லோடு அதிகம். ஜே.எஸ்.டி.யின் எக்ஸ்.எச். 3 ஆம்பியர், வி.எச். 10 ஆம்பியர் என்பவை முறையே 22 கேஜ், 16 கேஜ் வயர் போட்ட கணக்கு. மெலிந்த வயரில் அந்த எண் செல்லாது. பல தயாரிப்பாளர்கள் 30 டிகிரி வெப்ப உயர்வை வைத்தே ரேட்டிங் சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் நிழலிலேயே 38, 39 டிகிரி. வாழைத்தோட்டத்தில் வெயிலில் நிற்கும் மூடிய ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அதைவிட எவ்வளவோ கூடுதல். அதன் மேல் 30 சேர்ந்தால் 70 டிகிரி பி.வி.சி. வயருக்கு மூச்சு விட இடமில்லை. அங்கே 105 டிகிரி வயரும், ரேட்டிங்கில் பாதி, மிஞ்சினால் முக்கால் பங்கு லோடும்தான் எங்கள் பரிந்துரை. இரண்டு பின்னை இணைத்தால் இரட்டிப்பு கரன்ட் தாங்கும் என்றும் கணக்குப் போடாதீர்கள். எந்தப் பின்னில் தடை குறைவோ அது அதிகம் இழுக்கும்.

ஸ்குரூ டெர்மினலில் சூடு: இழைகளுக்கு ஈயம் (சால்டர்) வைத்து ஸ்குரூவில் பூட்டியிருக்கிறார்களா பாருங்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல வழிந்து, முறுக்கிய ஸ்குரூ தானே தளரும். ஈயம் வைத்த பகுதியை வெட்டிவிட்டு ஃபெர்ரூல் லக் (இழைகளை மூடும் குழாய் முனை) போடுங்கள். கிரிம்ப் டெர்மினலுக்குள்ளும் ஈயம் வைத்த முனை போகக் கூடாது, காரணம் அதேதான்.

மூன்று ஃபேஸ் பேனலில் இன்கமர், மெயின் சுவிட்ச் பக்கம் லக் கருகியிருந்தால் அது ஹார்னஸ் வேலை அல்ல. லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

## ஷார்ட் காட்டுது

பக்கத்துப் பின்னோடு ஷார்ட் என்றால் லென்ஸில் பின்பக்கத்தைப் பாருங்கள். கிரிம்புக்குள் அடங்காத ஒற்றை இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தட்டை ரிப்பன் கேபிள் என்றால் ஒரு பிட்ச் (பின் இடைவெளி) நகர்ந்து அமுங்கியிருக்கும். அதைப் பிரித்துத் திரும்ப அமுக்காமல் வெட்டிப் புதிதாக அமுக்குங்கள்.

பாடியோடு ஷார்ட் என்றால் தகட்டின் ஓரம், ஸ்குரூ முனை, கேபிள் டையின் இறுக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். தகட்டு ஓட்டைகளுக்குக் கட்டாயம் ரப்பர் கிராமெட் வேண்டும். டையை இழுக்கும்போது வயர் தோல் பள்ளம் விழுந்தால் இறுக்கம் அதிகம். வெட்டிய வால் கூராக நிற்கக் கூடாது, பக்கத்து வயரையும் அடுத்து கை வைப்பவரையும் அது கீறும். சால்டர் இணைப்பின் மேல் போட்ட, சூட்டில் சுருங்கும் ஸ்லீவையும் விரலால் தடவுங்கள். உள்ளே கூரான சால்டர் முனை இருந்தால் சுருங்கும்போதே துளைத்திருக்கும்.

கண்ணுக்கு எதுவும் சிக்காவிட்டால் போர்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கர் (வயர் தோலின் காப்பை அளக்கும் மீட்டர்) போடுங்கள். போர்டோடு போட்டால் போர்டு போய்விடும். புது ஹார்னஸ் 100 மெகா ஓமுக்கு மேல் காட்டுவது இயல்பு. 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கியதை உபயோகிக்க வேண்டாம். ஹைபாட் (உயர் வோல்ட்) சோதனை தேவைப்பட்டால் பயிற்சி பெற்றவர் செய்யட்டும்.

## பின் இடம் மாறிப் போச்சு

படத்தை எந்தப் பக்கமிருந்து வரைந்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. எதிர்க் கனெக்டர் நுழையும் பக்கப் பார்வையை வயர் பக்கப் பார்வை என்று எடுத்தால் முழு வரிசையும் தலைகீழாகும். ஃபார்ம் போர்டில் (ஹார்னஸை வைத்துக் கட்டும் பலகை) படத்தின் அருகே 'வயர் பக்கம்' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், ஒன்றாம் பின்னுக்கு ஒரு வண்ணப் புள்ளி வையுங்கள்.

## மழையிலும் கடலோரத்திலும் மட்டும் தகராறு

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திரும்பி வரும் பெட்டிகளைத் திறந்ததும், வயர் எந்தப் பக்கமிருந்து நுழைகிறது என்று பாருங்கள். மேலிருந்து நுழைந்தால் தண்ணீர் வயரைப் பிடித்தே கனெக்டருக்குள் இறங்கும். கீழிருந்து நுழைக்கவும், நுழையும் முன் வயரை ஒரு தொய்வு விட்டு வளைக்கவும். செலவில்லாத இந்த மாற்றம் பல பழுதுகளை நிறுத்தும்.

உவரி, கூடங்குளம், திருச்செந்தூர்ப் பக்கம் உப்புக்காற்று. அங்கே பின்னில் பச்சை பூத்திருந்தால் வெட்டிப் பார்க்காமல் விடாதீர்கள். ஈரம் இழைகளுக்கு இடையே தோலுக்குள்ளேயே ஏறும். நுனி மட்டும் பச்சையாகத் தெரிய, பத்து சென்டிமீட்டர் உள்ளே செம்பு கறுத்திருக்கும். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டுங்கள். கறுத்த செம்பில் கிரிம்பும் பிடிக்காது, ஈயமும் ஒட்டாது. மீதி நீளம் போதாவிட்டால் அந்த வயரை முழுதாக மாற்றுங்கள். அடுத்த தடவைக்குத் தகரம் பூசிய செம்பு வயர் வாங்குங்கள், இணைப்புகளுக்கு உள்ளே பசை உள்ள ஸ்லீவ் போடுங்கள். சீல் உள்ள கனெக்டர் என்றால் வயரின் வெளி விட்டத்துக்குப் பொருந்தும் ரப்பர் சீல் வேண்டும், காலிக் குழிகளையும் அடைப்பான் போட்டு மூட வேண்டும். ஒரு காலிக் குழியைத் திறந்து விட்டால் மற்ற சீல்களுக்கு அர்த்தமில்லை.

சிலிக்கான் அப்புகிறவர்கள் டியூபை முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அது செம்பை அரிக்கும் வகை, நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள்.

சாத்தான்குளம், திசையன்விளைத் தேரிக்காட்டுப் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் செம்மண் தூசி கனெக்டருக்குள் புகும். லேசான காற்றழுத்தத்தில் ஊதிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய விட்டுச் சொருகுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள துரு நீக்கி ஸ்பிரே வேண்டாம், அடுத்த காற்றில் தூசி அதிலேயே அப்பிக்கொள்ளும். உப்புத்தாளும் வேண்டாம். மெல்லிய தகரப் பூச்சு போய்விட்டால் அந்தப் பின் இன்னும் வேகமாகக் கெடும்.

போர்டின் ட்ராக்கிலும் பச்சை ஏறியிருந்தால், அல்லது வேரிஸ்டர், ரிலே அருகே கருகல் இருந்தால் ஹார்னஸை மட்டும் மாற்றிச் சப்ளை கொடுக்காதீர்கள். பழைய ஹார்னஸையும் கூடவே வைத்து போர்டு சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். ஈரம் எந்தப் பின் வழியாக வந்தது என்பதை அவர் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.